கவுன்சலிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க

"இன்னிக்கு என்னைக் கவுன்சலிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க" என்று ஒரு பிள்ளை பள்ளிவிட்டு வந்து சொன்னால், நம் வீடுகளில் பெரும்பாலும் வரும் பதில்: "என்ன பண்ணித் தொலைச்ச?" யாரும் "என்னம்மா கஷ்டம் உனக்கு?" என்று கேட்பதில்லை. கவுன்சலிங்கில் முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றபோது ஜெலுத்தோங்கில் எனக்குக் கிடைத்ததும் இதே மாதிரிதான். பாதிப் பேர் கட்டொழுங்கு ஆசிரியர் வேலை என்று நினைத்தார்கள். மீதிப் பேருக்குத் தஞ்சோங் ரம்புத்தான் ஞாபகம் வந்தது. 1911இல் பேராக்கில் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அதனாலேயே அந்த ஊரின் பெயர் நம் பேச்சில் வசையாகிவிட்டது. "பைத்தியங்களோட பேசற வேலையாமா?" என்றார் எதிர்வீட்டு அத்தை. கிண்டல் இல்லை, உண்மையான கவலை.

'ஏன் இந்தத் துறை?' என்று விண்ணப்பத்தில் ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதற்காகப் பழைய கதைகளைப் படிக்கப் போனேன். படித்தபின் அத்தைமேல் வருத்தம் போய்விட்டது. அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ள முடியாது, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தத் தொழிலின் அமெரிக்கத் தொடக்கமே மனநோய் சார்ந்ததல்ல. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு அலுவலகம் திறந்தார். குடியேறிகள் நிறைந்த நகரத்தில் இளைஞர்கள் எந்த வேலைக்குப் போகலாம் என்று உட்கார்ந்து பேச ஓர் இடம், அவ்வளவுதான். கேட்பதையே ஒரு முறையாக மாற்றிய கார்ல் ராஜர்ஸின் புத்தகம் வர 1942 ஆகிவிட்டது. மலேசியாவுக்கும் முதலில் வந்தது பார்சன்ஸ் வழிதான். 1960களின் முற்பகுதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து ரஸ்ஸல் மெக்கென்சி கல்வி அமைச்சுக்கு வந்தார். பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1965இல் வெளியான அவருடைய கையேட்டின் தலைப்பே 'பாண்டுவான் பென்ஜுருசான்', அதாவது பிரிவு ஒதுக்கீட்டுக்கான வழிகாட்டி. யார் அறிவியல், யார் கலை, யார் தொழிற்கல்வி? புதிய நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பிள்ளையின் மனசு அப்போது யாருடைய பட்டியலிலும் இல்லை.

பிறகு 1983. அந்த ஆண்டு அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்று அறிவித்தது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை வந்ததும் அதே ஆண்டில்தான். நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் பார்லோ, சேம்பர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஹெராயினுடன் பிடிபட்டார்கள். பார்லோவுக்காக வாதாடிய கர்பால் சிங் அப்போது எங்கள் ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர். 1986 ஜூலையில் புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். இதெல்லாம் கவுன்சலிங்குக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில்தான் பள்ளி வழிகாட்டி ஆசிரியரின் வேலையில் போதைத் தடுப்பு முன்னுக்கு வந்து உட்கார்ந்தது. தூக்குக் கயிறு செய்தித்தாளில் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஆசிரியர் தனியறைக்குக் கூப்பிட்டால் அம்மா பயப்படாமல் என்ன செய்வாள்? அந்த அறையின் பெயர் அன்றைக்குக் கெட்டது என்பது என் கணிப்பு. 1996இல் முழுநேரக் கவுன்சலர்களை இடைநிலைப்பள்ளிகளில் நியமித்தபோதும் அந்தப் பெயர் மாறவில்லை.

1998இல் கவுன்சலர்கள் சட்டம், சட்டம் 580, வந்தது. விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் இதை முதலில் படியுங்கள், பல்கலைக்கழகக் கையேட்டையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பதிவு செய்யாமல் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டுவது குற்றம். பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். அதனால் நீங்கள் பார்க்கும் முதுகலையை லெம்பாகா கவுன்சலோர் ஏற்குமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மருத்துவ உளவியலாளர் ஆவது வேறு பாதை. அது 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது.

அந்தச் சட்டத்தின் விளக்கப் பகுதியில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. வருகிறவரிடம் ஏற்படும் மாற்றம் 'சுக்கரேலா', தன் விருப்பத்தில் நடப்பதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கூப்பிட்டு அனுப்பும் அறைக்கும் இந்தச் சொல்லுக்கும் எவ்வளவு தூரம்! 1960களிலிருந்து பிரித்தும் எச்சரித்தும் வந்த ஒரு வேலையை, சட்டம் ஒரே சொல்லில் வேறு வேலையாக்கப் பார்த்தது.

சட்டத்துக்கு மலாயில் சொல் இருக்கிறது. தமிழில்? தமிழ்நாட்டில் 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறார்கள். ஆற்றுப்படையிலிருந்து வந்த அழகான சொல்தான், ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். ஆற்றுப்படையில் பரிசு பெற்ற பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனை வள்ளலிடம் அனுப்பிவைப்பான். கவுன்சலர் யாரையும் வள்ளலிடம் அனுப்ப முடியாது. வழிகாட்டுபவனும் அதே பசியை அறிந்தவன் என்கிற பாதி மட்டும் பொருந்துகிறது. இலங்கையில் 'உளவளத்துணை' என்பார்கள். பக்கத்தில் உட்காரும் சொல் அது. போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் மக்களுக்காக இந்த வேலையைப் பழக்கி வளர்த்தவர்கள் இருந்தார்கள். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தக் காயங்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' வெளியானதும் 1998இல்தான். இங்கே சட்டம் வந்த அதே வருஷம், அங்கே குண்டுக்கு நடுவே ஒரு புத்தகம். நாம் மட்டும் இன்னும் 'கவுன்சலிங்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுவும் திட்டு வாங்கிய குரலில்.

மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை மற்ற இனங்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அப்படியிருந்தும் 2023 வரை தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றம், ஒரு வருடம் வரை சிறை. பிழைத்து வந்தவர் யாரிடம் வாயைத் திறப்பார்? அந்த ஆண்டுதான் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மிண்டெனில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969இல் தொடங்கி, பிறகு பிரிட்டிஷ் பட்டாள முகாமாக இருந்த இடத்துக்கு மாறியது. சிப்பாய்கள் அணிவகுத்த இடத்தில் இப்போது பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், ஒரு அறையும் அப்படி மாறலாம் என்று தோன்றும். இந்த வாரம் அத்தை ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, பெரியவங்களும் வரலாமா அதுக்கு?" வரலாம் என்றேன். காசு எவ்வளவு என்று அடுத்த கேள்வி.