தோளில் வந்த சோறு

"பசியாறிட்டியாடா?"

வீட்டுக்கு யார் வந்தாலும் என் தாத்தா முதலில் கேட்பது இதைத்தான். பேர், ஊர் எல்லாம் அப்புறம். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் அவர். பினாங்கின் வரலாற்றை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். அதில் கவர்னர்கள் வரவில்லை, சோறு விற்றவர்கள் வந்தார்கள்.

பள்ளியில் படித்த வரலாறு வேறு. 1786இல் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றினார், வரியில்லாத் துறைமுகம் பிறந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா தெருவுக்குப் பெயர் தந்தார்கள். 1801இல் காதிர் முகைதீன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பினார். 1818இல் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1833இல் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், நடுவில் சீனர்களின் குவான் யின் கோயில். எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் நடந்தே பார்த்துவிடலாம். சுற்றுலாக் கையேடுகள் இதை 'நல்லிணக்கத் தெரு' என்கின்றன.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே மனிதர்கள் சேர்ந்துவிடுவார்களா? இந்த ஊர் சண்டை போடாத ஊரும் இல்லை. 1867இல் பத்து நாள் கலவரம் நடந்தது. ஆனால் அதிலும் ஒரு விசேஷம்: மோதிக்கொண்ட இரண்டு சீன ரகசியச் சங்கங்களுக்கும் ஆளுக்கொரு முஸ்லிம் கொடிச் சங்கம் துணைக்கு நின்றது. சண்டையில்கூடக் கலந்துதான் நின்றிருக்கிறார்கள்!

தாத்தாவைக் கேட்டால், ஆட்களைச் சேர்த்தது வேலையும் பசியும்தான் என்பார். கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்கானில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரம் ஏது? சோறுதான் ஆளைத் தேடி வந்தது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி, நடுவில் தோளில் ஒரு தடி. ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்து ஆட்கள் இப்படிச் சுமந்து விற்றதுதான் நாசி கண்டார். மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் காவுவது. நம்முடைய காவடியும் அதே காவுத்தடிதானே.

தாத்தா காலத்தில் தடி குறைந்து, வியாபாரம் அஞ்சடிக்கும் ஒட்டுக்கடைக்கும் மாறிக்கொண்டிருந்தது. ருசி மாறவில்லை. மீன் குழம்பு, ஆட்டுக்கறி, கணவாய் எல்லாவற்றின் சாற்றையும் சோற்றின்மேல் கலந்து ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம். தாத்தாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு சீனத் தொங்கான்காரர். "அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. மலாயில திட்டிக்குவோம். கொழம்பு மட்டும் ஒண்ணு." கப்பல் வராத நாளில் கடைக்காரர் கடன் கொடுப்பார். "சில பேரு பாக்கிய எழுதிக்குவாங்க. அவரு எழுதவே மாட்டாரு."

1969இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனது. எழுபதுகளில் சரக்குக் கப்பல்கள் அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போயின. ஊரின் பழைய வீடுகளை ஏழைகளுக்கு எட்டும் வாடகையில் வைத்திருந்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000 ஆண்டு பிறந்தபோது அதுவும் இல்லாமல் போனது. வாடகை ஏறியது. குயின் ஸ்திரீட் பக்கம் மாடியறையில் இருந்த நாங்களும் சாமானைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு வந்தோம். எட்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2008 ஜூலையில், யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. எங்கள் மாடி இப்போது தங்கும் விடுதி. அதே மரப்படி, அதே ஜன்னல். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். குடியிருந்தவர்களைக் காப்பாற்ற எந்தப் பட்டியலும் இல்லை.

என் ஊரை நேசிக்கிறேன் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடுகிற என் வயசுக்காரர்கள், அந்தத் தட்டைச் சுமந்த தோளையும் கொஞ்சம் நினைக்கலாம்.

தாத்தா அதற்கப்புறம் டவுனுக்குப் போனது தைப்பூசத்துக்கு மட்டும்தான். 1894இலிருந்து ஓடும் செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும். வழியெல்லாம் சீனர்கள் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு உடைப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் யார் போய் நின்றாலும் சோறு உண்டு. பழைய தெருக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அங்கேதான் பார்த்துக்கொள்வார்கள். தாத்தா மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரையும் விசாரிப்பார்.

கடைசியாக அவரோடு போன தைப்பூசத்தன்று, திரும்பும் பெர்ரியில் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஊரு அங்கனயேதான் இருக்கு. நாமதான் பெர்ரி ஏறிப் போய்ப் பாக்க வேண்டியதாப் போச்சு."