புது கார் அடியில் துரு: ஈ.சி.ஆர். உப்புக்காற்று முதல் முடிச்சூர் வெள்ளம் வரை... 'ஆன்டி ரஸ்ட் கோட்டிங்' நிஜமாவே தேவையா?

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில், ஷோரூமில் கடைசியாக ஒரு தாள் நீட்டுவார்கள். இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், சீட் கவர் எல்லாம் பேசி முடித்த பிறகு வரும் அந்தத் தாளில் 'அண்டர்பாடி ஆன்டி ரஸ்ட் கோட்டிங்' என்று ஒரு வரி இருக்கும். சில ஆயிரம் ரூபாய். "கடலோர ஊர் சார், போட்டுக்கிட்டா நல்லது" என்பார் விற்பனைப் பிரதிநிதி. லோன் பேப்பரில் கையெழுத்து போட்டுப் போட்டு கை வலிக்கும் நேரம் அது. பாதிப் பேர் யோசிக்காமல் சரி என்கிறார்கள். மீதிப் பேர் யோசிக்காமல் வேண்டாம் என்கிறார்கள்.

உண்மையில் இதற்கு ஊருக்கு ஒரு பதில் கிடையாது. நீங்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். தாம்பரம், மறைமலை நகர் பக்கம் இருப்பவருக்கும் நீலாங்கரையில் இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஏன் என்று பார்க்கலாம்.

ரோட்டில் உப்பு கொட்டும் ஊர்கள்

வண்டி துரு என்று இணையத்தில் தேடினால் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடாவில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, சுமார் மைனஸ் 9 டிகிரி வரை இந்த வித்தை வேலை செய்யும். அமெரிக்காவில் மட்டும் இதற்காக ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பு செலவாகிறது. அத்தனையும் கரைந்து, டயர் வழியாகத் தெறித்து, வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும். டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். குளிர் தொடங்கும் முன் காரின் அடியில் எண்ணெய் அடிப்பது அங்கே பலருக்கு வருடாவருடம் வரும் செலவு.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் தயாரான எக்கோஸ்போர்ட் கார்கள் 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்பனையாகின. ஜி.எஸ்.டி. ரோட்டில் பனியே பார்க்காத ஆலையில் பிறந்த கார்கள், அந்த உப்பு ரோடுகளில் ஓடின. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது தனிக்கதை.

நம்ம ஊரில் ரோட்டில் யாரும் உப்பு கொட்டுவதில்லை. ஆனால் காற்று கொண்டு வந்து கொட்டுகிறது.

கடல் காற்று என்ன செய்கிறது?

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வருகின்றன. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் மிச்சமாகி, கிடைத்த இடத்தில் படியும். இந்தப் படிவு கரையை ஒட்டித்தான் மிக அதிகம். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே மளமளவென்று குறைந்துவிடும். அதனால்தான் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கோவளம் பகுதிகளில் ஜன்னல் கம்பியும் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும் சீக்கிரம் அரிக்கின்றன. தாம்பரம் கடலில் இருந்து நேர்க்கோட்டில் சுமார் 15 கி.மீ., மறைமலை நகர் சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கின்றன. சாயங்காலம் கடல் காற்று அங்கேயும் வந்து சேரும், ஆனால் அது சுமந்து வரும் உப்பில் பெரும்பகுதி வழியிலேயே இறங்கிவிடும்.

உப்பு தானாக இரும்பைத் தின்பதில்லை. துருவுக்குத் தேவை தண்ணீரும் ஆக்சிஜனும்தான். உப்பு செய்வது இரண்டு வேலை. ஒன்று, அந்த ஈரத்தை மின்சாரம் நன்றாகக் கடத்தும் திரவமாக மாற்றி, துருப்பிடிக்கும் வேதிவினையை வேகப்படுத்துகிறது. இரண்டாவதுதான் முக்கியம்: உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே கசிந்து நீராகும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆகுமே, அதேதான். சென்னையில் ராத்திரியும் அதிகாலையும் ஈரப்பதம் பல நாள் அந்த அளவைத் தாண்டும். அதாவது ஒரு சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும், உப்பு படிந்த காரின் அடிப்பகுதி ராத்திரி முழுக்க நனைந்தபடி நிற்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் அதிகம். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பைச் சமாளிப்பதே தீராத வேலையாக இருந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பேர்பெற்ற 'சிக்ரி' ஆய்வகம் இருப்பது காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவானது அது, 1953-இல் திறக்கப்பட்டது. கடல் காற்றில் உலோகத் தகடுகளை வருஷக்கணக்கில் தொங்கவிட்டுப் பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு மையமே உண்டு.

புது காரில் கம்பெனியே எதுவும் செய்திருக்காதா?

செய்திருக்கும். கார் பாடி மொத்தத்தையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பூச்சு ஏற்றுவார்கள். சுமார் 20 மைக்ரான் தடிமன், தலைமுடியை விட மெல்லிசு. ஆனால் பிரஷ் போகாத மூலைமுடுக்குக்கும் போகும். பல மாடல்களில் துத்தநாகம் பூசிய தகடு பயன்படுகிறது. கீறல் விழுந்தால் இரும்புக்குப் பதில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். அதற்கு மேல் கல் தெறிக்கும் இடங்களில் பி.வி.சி. பூச்சும் இருக்கும்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? பூச்சு உடையும் இடங்களில். வீல் ஆர்ச்சில் ஜல்லி தெறித்த இடம், பஞ்சர் கடையில் ஜாக்கி வைத்த விளிம்பு, ஸ்பீடு பிரேக்கரில் உரசிய தகடு. கூடவே சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர், போல்ட் தலைகள். இவற்றுக்குப் பாடி அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. அங்கே துரு தெரிந்தவுடன் பயப்பட வேண்டாம், அவை கனமான இரும்பு. ராத்திரி மழைக்குப் பிறகு காலையில் பிரேக் டிஸ்க்கில் தெரியும் ஆரஞ்சுத் துருவும் நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கவலைப்பட வேண்டியது தரைத்தகடு, வெல்டிங் மடிப்புகள், பிரேக் பைப் இந்த மூன்றில் தெரியும் துருவுக்கு.

சரி, கோட்டிங் போடலாமா வேண்டாமா?

கடலில் இருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு, வண்டி வெட்டவெளியில் நிற்கிறது என்றால் போடலாம், காசு வீணில்லை. தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்றால் கட்டாயம் இல்லை. பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகிறேன் என்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். மூணு வருஷத்தில் மாற்றுகிறவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை என்பது நம் கருத்து.

ஆனால் போடுவதாக இருந்தால், எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் எல்லாமே. கறுப்பாகத் தடிமனாகக் காயும் ரப்பர், தார் வகைப் பூச்சு கல்லடியைத் தாங்கும். ஆனால் அதில் விரிசல் விட்டால், உள்ளே போன ஈரம் வெளியே வராது. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் துரு பரவும். மெழுகு, எண்ணெய் வகை முழுசாக இறுகாது, இடுக்கில் கசிந்து போகும். அழுக்கு ஒட்டும், ஓரிரு வருஷத்தில் மறுபடி அடிக்க வேண்டும். உப்புக்காற்றுக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருத்தம்.

எதுவானாலும் அடிப்பகுதியைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மழை நாளில் வண்டியை விட்டு, அரை மணி நேரத்தில் கோட்டிங் முடித்து வாங்கி வந்தார். ஆறே மாதத்தில் பூச்சு சேற்றோடு சேர்ந்து அப்பளம் மாதிரி உரிந்தது. காய்ந்த வண்டிக்கு, மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். சைலன்சர், பிரேக், சென்சார் மீது படக்கூடாது. கதவின் அடி விளிம்பிலும் தரைத்தகட்டிலும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடக்கூடாது. வேலை முடிந்ததும் வண்டி லிஃப்ட்டில் இருக்கும்போதே போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கேட்டால் காட்டாமல் இருக்க மாட்டார்கள்.

கழுவும் தண்ணீரே உப்பாக இருந்தால்?

புறநகரில் பலரும் கவனிக்காத விஷயம் இது. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் உப்பளங்களே இருக்கின்றன. ஓ.எம்.ஆரை ஒட்டிய பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கும் நாம், வண்டிக்கு மட்டும் அதே உப்புத் தண்ணியைப் பிடித்து அடிக்கிறோம். அது காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்பது வெளியே தெரிகிறது, அடியிலும் அதே படிவுதான். போர் தண்ணீரில் சேற்றைப் போக்கினாலும், கடைசியாக ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மகாபலிபுரம், கோவளம் போய்விட்டு வந்தால், குறிப்பாக டயர் கடல் மணலில் இறங்கியிருந்தால், மறுநாளே வீல் ஆர்ச் உள்பக்கமும் அடிப்பகுதியும் நல்ல தண்ணீர் படட்டும். கழுவிய கையோடு கவர் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, வெயிலில் காயவிடுங்கள்.

தாம்பரத்துக்காரர்களின் உண்மையான எதிரி வேறு

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன வீடியோவையும் யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அந்தப் பயம் நியாயமானது. வெள்ளத்தில் கடல் உப்பு இருக்காது, ஆனால் சாக்கடை கலந்த சேறு மடிப்புகளுக்குள் புகுந்து மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் கதவு வரை ஏறிய வண்டியில் தரை விரிப்பைக் கழற்றி, அடியில் உள்ள பஞ்சைக் காயவைக்கச் சொல்லுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். தரைத்தகடு உள்ளிருந்து அரிக்க ஆரம்பிப்பது இப்படித்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டியது அந்த விரிப்பைத்தான்.

பணம் கிடைக்குமா என்றால், வெள்ளச் சேதத்துக்கு முழுமையான மோட்டார் பாலிசியில் கோரலாம். காலப்போக்கில் பிடித்த துரு 'தேய்மானம்' கணக்கில் போய்விடும், அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. வாரன்டியில் துரு இருந்தாலும், தகடு ஓட்டை விழுந்தால்தான் பொறுப்பு என்று சில கம்பெனிகள் எழுதியிருக்கும். கோட்டிங்குக்காக பாடியில் புதிதாகத் துளை போடுவதாகச் சொன்னால், வாரன்டி புத்தகத்தைப் படித்துவிட்டு சரி சொல்லுங்கள்.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கோட்டிங் கடையே தேவையில்லை. ஸ்டாண்ட் ஸ்பிரிங், ஃபுட்போர்டு அடியில் உள்ள ஃபிரேம், மட்கார்டு உள்பக்கம் இந்த மூன்றையும் கழுவிக் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். செயினுக்கு செயின் லூப் தனியாக அடிக்க வேண்டும். டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.