விலையும் கடனும்

சிறுமிகள் படித்துத் தலையெடுக்கும் கதை என்றாலே பலரும் எழுத்தறிவின் மகிமையைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஷானன் ஹேலின் ‘பிரின்சஸ் அகாடமி’ (2005), ஆயிஷா சயீதின் ‘அமல் அன்பவுண்ட்’ (2018) ஆகிய இரண்டு சிறுவர் நாவல்களும் அந்தப் பாட்டிலிருந்து தப்பிவிடுகின்றன. இரண்டிலும் படிப்பின் பலன் சோதிக்கப்படுவது வரவு செலவில்தான்.

ஹேலின் மிரி கற்பனை நாட்டு மலைக்கிராமத்தவள், வயது பதினான்கு. ஊரே லிண்டர் என்ற கல்லை வெட்டிப் பிழைக்கிறது; அவளை மட்டும் அப்பா குவாரிப் பக்கம் விடுவதில்லை. உருவத்தில் சிறியவள், ஒன்றுக்கும் உதவாதவள் என்று அவளே முடிவுகட்டிக்கொள்கிறாள். இளவரசனுக்குப் பெண் தேட அரசு திறக்கும் பயிற்சிக்கூடத்தில் ஓலானா என்ற கெடுபிடியான ஆசிரியையிடம் எழுத்துக் கற்கிறாள். நாவலின் உச்சம் என்று நான் சொல்வது இளவரசன் வருகையை அல்ல. வணிகப் புத்தகத்தைப் புரட்டும்போது, தங்கள் கல் தலைநகரில் என்ன விலை போகிறது என்று மிரிக்குத் தெரியவரும் இடத்தைத்தான். தானியத்துக்கும் துணிக்கும் கல்லை அள்ளிக்கொடுத்த ஊர் அதன்பின் வியாபாரிகளிடம் கறாராகப் பேரம் பேசுகிறது.

பாகிஸ்தான் பஞ்சாபைச் சேர்ந்த பன்னிரண்டு வயது அமலுக்கு எழுத்து முன்பே தெரியும், ஆசிரியையாவதுதான் கனவு. கடைத்தெருவில் தன்னை இடித்த காரின் சொந்தக்காரன் கேட்டும் கையிலிருந்த மாதுளையைத் தர மறுக்கிறாள். அவன் ஊரையே கடனில் வைத்திருக்கும் நிலக்கிழார் ஜவாத் சாகிப். அப்பாவின் கடனுக்காக அவன் வீட்டு வேலைக்காரியாகிறாள். அங்கே தங்குவதும் உண்பதும்கூடக் கடன் கணக்கில் ஏறுகின்றன. கணக்கு புரிந்து என்ன பயன்? கொத்தடிமைக்கு அது பூட்டின் கனத்தைத்தான் காட்டும். மிரியின் ஊருக்குக் கல்லை விற்க மாட்டோம் என்று சொல்லும் வசதி இருந்தது. அமலிடம் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கல்விக்கு எல்லை எங்கே என்பதை சயீத் இன்னும் நேர்மையாகக் காட்டுகிறார் என்பேன்.

அப்பாக்களைக் காட்டுவதில் ஹேலின் கை ஓங்குகிறது. மிரியைச் சுமந்திருந்தபோது குவாரியில் அடிபட்ட அம்மா பிரசவத்துக்குப் பின் இறந்துபோனாள். அதனால்தான் குவாரிக்குப் போக அந்தத் தடை. மிரி அவமதிப்பென்று நினைத்தது அப்பாவின் பயம். இது தெரிய அவளுக்கு நாவலின் பெரும்பகுதி ஆகிறது. அமலின் வீட்டிலோ ஐந்தாவதும் பெண் என்ற வருத்தம் முகங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது; பிரித்துப் படிக்க அங்கே மர்மம் இல்லை.

முடிவுகளில் எனக்கு உடன்பாடில்லாதது சயீதுடையது. தேர்தலை மனதில் வைத்துத் திறந்த எழுத்தறிவு மையத்துக்கு ஆள் சேராததால், ஜவாத் அமலையே மாணவியாக அனுப்புகிறான்; அங்குள்ள ஆசிரியர் வழியாக அவன் செய்த ஒரு குற்றத்தின் தடயம் வெளியேபோகிறது. அமலின் துணிச்சலைவிட வில்லனின் அசட்டுத்தனம் அதிகம் வேலைசெய்கிறது. ஹேல் இளவரசனைத் தோழி பிரிட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, மிரியை ஊரிலேயே நிறுத்துகிறார், மற்றவர்களுக்குப் பாடம் சொல்லித்தர.