நைட்டன் நகரைச் சூழ்ந்த நடைப்பயணத் தடங்கள்

நைட்டன், வேல்ஸின் கிழக்கெல்லையில் டீம் ஆற்றங்கரையில் அமைந்த சிறிய சந்தை நகர். வெல்ஷ் மொழியில் ட்ரெவ்-அ-க்ளவ்த் எனப்படும் இவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,000. பிரிட்டனின் நெடுந்தொலைவு நடைப்பயணத் தடங்களில் இதற்குத் தனியிடம் உண்டு. ஆஃபாவின் மண்ணரண் தடம் இவ்வூரின் வழியே செல்கிறது. கிளிண்டூர் தடம் இங்கிருந்து தொடங்குகிறது. இரண்டும் அரசு ஏற்பு பெற்ற தேசியத் தடங்கள். 2019இல் மூன்றாவதாக ஒரு ரயில்வழித் தடமும் சேர்ந்தது. எல்லைக்காவல், போர், ரயில் என வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளுக்காக உருவான கோடுகளையும் நினைவுகளையும் ஒட்டியே இத்தடங்கள் அமைந்துள்ளன.

அமைவிடம்

பழைய ராட்னர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த நைட்டன், 1974 முதல் பொவிஸ் மாவட்டத்தில் உள்ளது. இப்பகுதியில் டீம் ஆறு பெரும்பாலும் வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையாக ஓடுகிறது. அதனால் ஊர் வேல்ஸில் இருக்க, அதன் ரயில் நிலையம் ஆற்றுக்கு அப்பால் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இருக்கிறது. ஊர் நடுவே 1872இல் கட்டப்பட்ட மணிக்கூண்டும், அங்கிருந்து செங்குத்தாக மேலேறும் ‘நேரோஸ்’ என்ற குறுகிய கடைத்தெருவும் உள்ளன. சுற்றிலும் செம்மறி மேயும் புல்மலைகள். ஆடு விற்பனை இன்றும் இவ்வூரின் முக்கியத் தொழில்களில் ஒன்று.

ஆஃபாவின் மண்ணரண் தடம்

757 முதல் 796 வரை மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா மன்னரின் பெயரால் அறியப்படும் மண்ணரண், ஒரு கரையும் அதை ஒட்டிய அகழியும் கொண்டது. அகழி பொதுவாக மேற்குப் பக்கத்தில், அதாவது வேல்ஸை நோக்கி, வெட்டப்பட்டிருக்கிறது. மேற்கிலிருந்து வருபவர் முதலில் பள்ளத்தில் இறங்கி, பிறகு கரைமேல் ஏற வேண்டியிருக்கும். இதன் ஒரு பகுதி நைட்டன் ஊருக்குள்ளேயே எஞ்சி நிற்கிறது.

இதையொட்டிய நடைத்தடம் தெற்கே செப்ஸ்டோ அருகிலுள்ள செட்பரி பாறைமுனையிலிருந்து வடக்கே ப்ரெஸ்டாட்டின் கடற்கரை வரை 285 கி.மீ. நீள்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட முறை நாட்டெல்லையைக் கடக்கும் இத்தடத்தில் நைட்டன் ஏறத்தாழப் பாதிவழியில் உள்ளது. தடத்துக்கான திட்டம் 1955இலேயே ஒப்புதல் பெற்றும் பணி நெடுங்காலம் இழுபட்டது. நைட்டனைச் சேர்ந்த ஆசிரியர் ஃபிராங்க் நோபிள் 1969இல் நிறுவிய ஆஃபாவின் மண்ணரண் சங்கம் அதை முன்னெடுத்துச் சென்றது. 1971 ஜூலை 10 அன்று நைட்டனில் தடத்தைத் திறந்து வைத்தவர் ஜான் ஹன்ட் பிரபு. டென்சிங்கும் ஹிலரியும் எவரெஸ்ட் உச்சியை எட்டிய 1953ஆம் ஆண்டுப் பயணத்தின் தலைவர் அவர். நைட்டனுக்கு அருகிலுள்ள லான்ஃபேர் வாட்டர்டைன் ஊரின் பெயரே அவருடைய பட்டத்திலும் இடம்பெற்றது. தடத்துக்கும் மண்ணரணுக்குமான தகவல் மையம் இன்றும் நைட்டனில்தான் இயங்குகிறது.

ஊரிலிருந்து வடக்கே செல்லும் பகுதி இத்தடத்தின் கடினமான பகுதிகளில் ஒன்று. ஆற்றங்கரையில் நாட்டெல்லையையும் ரயில் பாதையையும் கடந்ததும் பன்பண்டன் மலையின் செங்குத்தான ஏற்றம் தொடங்குகிறது. மேலேறித் திரும்பினால் நைட்டன் முழுவதும் காலடியில் தெரியும். அங்கிருந்து கும்-சானகம் மலையைத் தாண்டி லான்ஃபேர் மலைக்குச் சென்றால், ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில் மண்ணரண் தன் உச்சத்தை எட்டுகிறது. அது மிகக் குறைவாகச் சிதைந்துள்ள பகுதிகளில் இதுவும் ஒன்று. கரையின் முகடும் அகழியின் ஆழமும் இங்கே தெளிவாகப் புலப்படும். தொடர்ந்து இறங்கினால் க்ளன் பள்ளத்தாக்கு.

தெற்கே கிங்டன் நகர் வரையிலான ஏறத்தாழ 22 கி.மீ. ஒரு நாள் நடையாகும். ஹாதார்ன் மலை முகட்டில் நடந்து, லக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, மீண்டும் ஏறிச் செல்லும் வழி இது.

கிளிண்டூர் தடம்

ஆங்கில ஆட்சிக்கு எதிராக 1400இல் கிளர்ந்தெழுந்து, வேல்ஸின் இளவரசராக அறிவிக்கப்பட்ட ஓவைன் கிளிண்டூரின் பெயர் தாங்கியது இத்தடம். நைட்டன் மணிக்கூண்டருகே தொடங்கி, மேற்கே மாகன்லெத் வரை சென்று திரும்பி, வெல்ஷ்பூலில் முடிகிறது. நீளம் 217 கி.மீ. கிளிண்டூர் 1404இல் நாடாளுமன்றம் கூட்டிய ஊர் மாகன்லெத்.

முதல் கட்டம் லாங்குன்லோ கிராமம் வழியாக வெலிண்ட்ரா வரை ஏறத்தாழ 24 கி.மீ. இதில் 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பீக்கன் மலையின் திறந்த புல்வெளியைக் கடக்க வேண்டும். நெடுந்தொலைவுக்குக் கடையோ உணவகமோ கிடையாது. உணவும் நீரும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். ஆஃபா தடத்தைவிட இங்கே நடப்பவர்கள் மிகக் குறைவு.

கிளிண்டூரின் பெருவெற்றிகளில் ஒன்று நைட்டனுக்குத் தெற்கே சில கி.மீ. தொலைவிலுள்ள பில்லெத்தில் நிகழ்ந்தது. 1402 ஜூன் 22 அன்று பிரின் கிளாஸ் மலைச்சரிவில் எட்மண்ட் மார்ட்டிமரின் படை தோற்றது, அவரே சிறைப்பட்டார். பின்னர் அவர் கிளிண்டூரின் மகளை மணந்து அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சரிவில் ஒரு பழைய தேவாலயமும், மடிந்தவர்கள் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட வெல்லிங்டோனியா மரங்களும் உள்ளன. தேசியத் தடங்கள் இரண்டும் இவ்விடத்தைத் தொடுவதில்லை. பக்கவழிகளில்தான் வர வேண்டும்.

ரயில்வழித் தடமும் குறுநடைகளும்

‘ஹார்ட் ஆஃப் வேல்ஸ்’ ரயில் பாதையை ஒட்டி, க்ரேவன் ஆர்ம்ஸ் முதல் லனெத்லி வரை 227 கி.மீ. செல்லும் நடைத்தடம் 2019இல் திறக்கப்பட்டது. ஒரு நிலையத்தில் இறங்கி, அடுத்த நிலையம் வரை நடந்து, ரயிலில் திரும்பலாம் என்பது இதன் வசதி. வண்டிகள் நாளொன்றுக்குச் சில மட்டுமே. நக்லஸ், லாங்குன்லோ போன்ற சிறு நிலையங்களில் நடைமேடையில் நின்று கைகாட்டினால்தான் வண்டி நிற்கும்.

நக்லஸ் ஊருக்கு மேலே 13 வளைவுகளுடன் நிற்கும் ரயில் பாலம் 1865இல் திறக்கப்பட்டது. இரு முனைகளிலும் கோட்டைக் கொத்தளம் போன்ற கோபுரங்கள் கட்டப்பட்டுள்ளன. அருகிலுள்ள கோட்டைக் குன்றில்தான் ஆர்தர் மன்னரின் திருமணம் நடந்தது என்பது உள்ளூர்க் கதை. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு ஊரை ஒட்டிய கின்ஸ்லி காடும் கார்த் மலையும் ஏற்றவை.

நடக்கும் உரிமை

இத்தடங்கள் பெரும்பாலும் தனியார் பண்ணை நிலங்களில் செல்கின்றன. நிலம் விவசாயிக்குச் சொந்தம். அதன் குறுக்கே குறித்த வழியில் நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வழிகளை அதிகாரபூர்வ வரைபடங்களில் பதியச் செய்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட மலைவெளிகளிலும் பொதுநிலங்களிலும் தடத்தை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது.

வழிகாட்டிக் குறிகள் எளியவை. மஞ்சள் அம்பு நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு குதிரையில் செல்வோருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் சேர்த்து. ஓக் கொட்டைச் சின்னம் இருந்தால் அது தேசியத் தடம். வேலி குறுக்கிடும் இடங்களில் மரப்படிகளோ, ஆள் மட்டும் வளைந்து நுழையக்கூடிய சிறு கதவுகளோ இருக்கும். அவற்றைச் சீராக வைத்திருப்பது நில உரிமையாளரின் கடமை. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கைக் கேட்டுப் பெறலாம்.

பருவமும் பராமரிப்பும்

மே முதல் செப்டம்பர் வரை நடப்பதற்கு ஏற்ற காலம். கோடையின் பிற்பகுதியில் பெரணி இடுப்பளவு வளர்ந்து சில வழிகளை மறைக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் நாயை வாரில் பிடித்தே செல்ல வேண்டும். மலைவெளிகளில் வானம்பாடிகளையும், பிளவுபட்ட செந்நிற வாலுடைய ரெட் கைட் பருந்துகளையும் காணலாம்.

மண்ணரணின் எஞ்சிய பகுதிகளில் பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்பு பெற்ற தொல்லியல் சின்னங்கள். முயல்களும் வளைக்கரடிகளும் தோண்டும் வளைகள், மேயும் கால்நடைகள், நடப்பவர்களின் காலடி ஆகியவற்றால் கரை அரிக்கப்படுகிறது. பல இடங்களில் தடம் கரையின் உச்சியை விட்டு அதன் ஓரமாகத் திருப்பிவிடப்பட்டதற்கு இதுவே காரணம். 2001இல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டன் முழுவதும் கிராமப்புறப் பாதைகள் மூடப்பட்டன. நடைப்பயணிகள் வராததால் தங்கும் விடுதிகளும் கடைகளும் வருவாய் இழந்தன. கிராமப் பொருளாதாரம் கால்நடையோடு இத்தடங்களையும் எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பது அந்த ஆண்டில் தெளிவாயிற்று.