வாளைக் கொடுத்தது யார்?

'மனமே' என்ற பெயரை முதலில் கேட்டபோது அதைத் தமிழ்ச் சொல்லாகவே எடுத்துக்கொண்டேன். யாரோ தன் மனத்தை விளித்துப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன். அது ஓர் இளவரசனின் பெயர் என்பது, சிங்களத் தோழி ஒருத்தி அந்த நாடகத்துக்கு என்னை அழைத்துச் சென்றபோதுதான் தெரிந்தது. நாடகம் முடிந்து வெளியே வருகையில், முன்னால் நடந்த ஒருவர் தன் மனைவியிடம், பெண்ணை நம்பினால் இதுதான் கதி என்று சொல்லிச் சிரித்தார். என் அரைகுறைச் சிங்களத்துக்கே அது விளங்கியது. ஆனால் நான் பார்த்த நாடகம் அதைச் சொல்லவில்லை.

மூலக்கதை பௌத்த ஜாதகக் கதைகளில் ஒன்று. குருவின் மகளை மணந்து ஊர் திரும்பும் வில்லாளி, காட்டில் கள்வர் தலைவனை வீழ்த்தி அமுக்கிப் பிடித்தபடி மனைவியிடம் வாளைக் கேட்கிறான். அவளோ வாளின் பிடியைக் கள்வன் பக்கம் நீட்டுகிறாள். கணவன் சாகிறான். அவள் நகைகளைப் பறித்துக்கொண்டு கள்வனும் கைவிடுகிறான். இறுதியில் ஒரு நரிகூட அவளைப் பரிகசிக்கிறது.

இக்கதை சிங்களக் கிராமங்களில் 'நாடகம' வடிவத்தில் ஆடப்பட்டது. தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த வடிவம் அது. நமது கூத்தைப் போலவே அங்கும் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். ஆக, துரோகியான பெண்ணின் கதையை எழுதியவர், பாடியவர், அவளாக ஆடியவர் எல்லோரும் ஆண்கள்.

1956 நவம்பர் 3ஆம் திகதி, எதிரிவீர சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு இதைக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார். கதையில் அவர் செய்த மாற்றம் சிறியது, ஆனால் முக்கியமானது. அவரது இளவரசி வாளை உடனே கொடுப்பதில்லை. படை பலம் இருந்தும் தனியாக நின்று போரிட்ட வேடர் அரசனைக் கொல்ல வேண்டாம் என்கிறாள். இளவரசனின் பிடி தளர்கிறது. அந்தக் கணத்தில் வாள் கைமாறுகிறது. அவள் மனம் வேடனிடம் சாய்ந்திருந்ததா, நியாயத்துக்காகப் பேசினாளா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பின்னர் வேடர் அரசனும் அவளை நம்பாமல் நீங்குகிறான்.

அவளை யார் வைத்துக்கொள்வது என்பதற்காகவே அந்த இருவரும் மோதினார்கள். அவள் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அவள் தானாக வாய் திறந்து கேட்டது ஓர் உயிரை. அதற்குத்தான் துரோகம் என்று பெயர் வந்தது.

ஆரம்ப மேடையேற்றங்களில் இளவரசியாக நடித்தவர்கள் திரிலீஷியா குணவர்தனவும் ஹேமமாலி குணசிங்கவும். சிங்கள மேடையில் தோன்றிய முதல் பெண்கள் இவர்களல்லர். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் அன்னி பொத்தேஜு போன்றவர்கள் ஏற்கெனவே பாடி நடித்துப் புகழ் பெற்றிருந்தார்கள். அவர்கள் குரலைக் காசு கொடுத்துக் கேட்ட சமூகம், 'நாடகக்காரி' என்று இழிவாகவும் பேசியது. பல்கலைக்கழகப் பெண்களுக்குப் படிப்பும் வர்க்கமும் ஒரு காப்பாக இருந்தன. 'மனமே'யைச் சிங்கள அரங்கின் மறுபிறப்பு என்று கொண்டாடும் நாம், அதற்கு முன் காப்பில்லாமல் மேடையேறிய பெண்களையும் அந்த வரலாற்றில் சேர்த்து எழுத வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. 'மனமே' தந்த உந்துதலில்தான் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எனக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழிலிருந்து போன வடிவம் சிங்களம் வழியாக நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வீரர்களை மீட்டெடுத்தோம். நம் கூத்துகளின் பெண்களிடம் இன்னும் கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். இக்கதையைச் சொல்லி, வாளைக் கொடுத்தது யார் என்று ஒருமுறை கேட்டேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ரீச்சர், அவ கையில வாளைக் குடுத்து வச்சது யார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.