வெள்ளைச் சூனியக்காரியின் மாளிகை

ஜமைக்காத் தீவின் வடகரையில் மாண்டிகோ பே நகரிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால், மேட்டின்மேல் ஒரு கல் மாளிகை கரீபியக் கடலைப் பார்த்து நிற்கிறது. பெயர் ரோஸ் ஹால். கரும்புத் தோட்ட முதலாளி ஜான் பால்மர் 1770களில் கட்டி முடித்த பங்களா. பகலில் போகிறவர்களுக்கு மெருகேறிய நாற்காலிகளையும் கட்டில்களையும் காட்டுகிறார்கள். இரவுச் சுற்றுக்குத் தனிச் சீட்டு. அதில் காட்டுவதற்கு ஒரு பேய் இருக்கிறது.

பேயின் பெயர் ஆனி பால்மர். ஊர் வைத்த பெயர் ‘வெள்ளைச் சூனியக்காரி’. சின்ன வயதில் ஹைட்டியில் வளர்ந்தாள், பெற்றோர் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்கள், வளர்த்த ஆயா அவளுக்கு மாந்திரீகம் கற்றுக்கொடுத்தாள் என்று கதை தொடங்கும். பணக்கார மாப்பிள்ளை தேடி ஜமைக்கா வந்து இந்த வீட்டு எசமானி ஆனாள். முதல் கணவனுக்கு விஷம், இரண்டாமவனுக்குக் கத்தி, மூன்றாமவனுக்குக் கழுத்தில் கயிறு. ஒவ்வொரு கொலைக்கும் ஓர் அறை உண்டு. வழிகாட்டி அறை அறையாக அழைத்துப் போவார். அடிமைகளில் பிடித்தவனைக் காதலனாக வைத்துக்கொண்டு, சலித்ததும் தீர்த்துக்கட்டினாளாம். கடைசியில் 1831இல், தன் பேத்திக்குச் செய்வினை வைத்துக் கொன்றதற்காக டாக்கூ என்ற மந்திரவாதி அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றானாம்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். ஆனி மேரி பேட்டர்சன் என்ற பெண் 1820இல் ஜான் ரோஸ் பால்மரைத் திருமணம் செய்துகொண்டது உண்மை. மாளிகையைக் கட்டிய பால்மருக்குப் பேரன் முறை ஆகவேண்டியவர் இவர். 1827இல் இறந்தார். ஆனிக்கு ஒரே கணவர்தான். அவரை யாரும் கொன்றதாகப் பதிவு எதுவும் இல்லை. எஸ்டேட் கடனில் மூழ்கியிருந்ததால் விதவைக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை; ரோஸ் ஹாலை விட்டு வெளியேறினாள். கதைப்படி செத்துப் பதினைந்து வருடம் கழித்து, 1846இல்தான் அவள் நிஜமாகவே இறந்தாள்.

அப்படியானால் அந்தப் பல கணவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மாளிகையைக் கட்டியவரின் மனைவி ரோசா பால்மரிடமிருந்து. ரோசாவுக்கு நான்கு திருமணங்கள். மூவர் வரிசையாக இறக்க, நான்காவதாக வந்தவர்தான் ஜான் பால்மர். வெப்பமண்டலக் காய்ச்சல்கள் வெள்ளைக்காரர்களை வாரிக்கொண்டு போன காலத்தில் இது அதிசயமே இல்லை. ரோசா 1790இல் காலமானார். மாண்டிகோ பே தேவாலயத்தில் கணவர் எழுப்பிய பளிங்கு நினைவுச்சின்னம் இன்றும் இருக்கிறது. அதிலுள்ள சிலையின் கழுத்தில் தெரியும் கறையைக் காட்டி, ‘நெரித்த தழும்பு’ என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள்.

ஃபால்மத் ஊர்ப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் காஸ்டெல்லோ 1868இல் ரோஸ் ஹால் கதையைச் சிறு நூலாக அச்சிட்டார். 1929இல் ‘கிளீனர்’ பத்திரிகை ஆசிரியர் ஹெர்பர்ட் டி லிஸர் அதை முழு நாவலாக்கினார். இன்று வழிகாட்டிகள் சொல்வதில் பெரும்பகுதி அந்த நாவல்தான். இடிந்து கிடந்த மாளிகையை 1960களில் ஜான் ராலின்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வாங்கிப் புதுப்பித்தபோது, வீட்டோடு பேயும் குடியேறிவிட்டது. நிலவறைச் சிறை என்று காட்டப்படும் கீழ்த்தளத்தில் இப்போது மதுக்கூடம் நடக்கிறது.

இந்தப் பேயால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், சீட்டு விற்பவர்களுக்கு முன்பே லாபம் அடைந்தவர்கள் பழைய தோட்டத் துரைமார்கள். கொடுமை அத்தனையையும் ஒருத்தி தலையில் கட்டியாகிவிட்டது. அவளும் சும்மா கெட்டவள் அல்ல, கறுப்பின ஆயாவிடம் சூனியம் கற்றதால் கெட்டவள்! அடிமைத் தோட்டத்துக் கதையில் பழி சுற்றிச் சுற்றி ஆப்பிரிக்கர்கள் மேலேயே வந்து விழுகிறது. சட்டத்துக்கு உட்பட்டு, தேவாலயத்துக்கும் போய்க்கொண்டு தோட்டம் நடத்திய மற்ற துரைமார்கள் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் கரும்புத் தோட்டத்துக்குக் கொடுமை செய்யச் சூனியக்காரி தேவைப்படவில்லை. வெட்டிய கரும்பு காத்திருக்காது, சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பு கொடுப்பவரின் கை உருளைக்குள் போய்விட்டால், ஆளைக் காப்பாற்றக் கையை வெட்டுவதற்கென்றே பக்கத்தில் கோடாலி வைத்திருந்த ஆலைகள் கரீபியத் தீவுகளில் இருந்தன. கொப்பரையில் கொதிக்கும் பாகு தெறித்து வெந்தவர்கள் எத்தனையோ பேர். ரோஸ் ஹாலில் இப்படி உழைத்தவர்கள் நூற்றுக்கும் மேல். 1817 முதல் 1832 வரையிலான தோட்ட நாட்குறிப்பேட்டில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் சீலியா நெய்லர் அந்த ஏட்டை வைத்து, 2022இல் வெளிவந்த நூலில் அவர்கள் வாழ்க்கையைத் தேடி எடுத்தார். இரவுச் சுற்றின் நாயகி மட்டும் இன்னும் ஆனிதான்.

கதையில் ஆனி சாகும் வருடம் 1831 என்பதைக் கவனியுங்கள். அந்த டிசம்பரில் இதே பகுதியில் நிஜமாகவே ஒரு பெரும் சம்பவம் நடந்தது. பாப்டிஸ்ட் சபையில் போதித்துவந்த சாம் ஷார்ப் என்ற அடிமை, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி இல்லாமல் கரும்பு வெட்டக் கூடாது என்று வேலைநிறுத்தம் திட்டமிட்டார். டிசம்பர் 27 இரவு மாண்டிகோ பேக்கு மேலுள்ள கென்சிங்டன் எஸ்டேட்டில் தீ எழுந்தது. வேலைநிறுத்தம் கிளர்ச்சியாக மாறியது. பங்கெடுத்தவர்கள் 60,000 பேர் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. 300க்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. 1832 மே 23இல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஷார்ப் இன்று ஜமைக்காவின் தேசிய வீரர். அந்நாட்டு டாலர் நோட்டிலும் அவர் முகம் இருக்கிறது.

ஒரு மக்கள் எழுச்சியைத்தான் கதை ஒரு கிழவனின் பழிவாங்கலாகச் சுருக்கிவிட்டது.

சட்டம் வந்தபோது முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது; அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. 1838இல் அவர்கள் முழு விடுதலை பெற்றதும் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? துரைமார்களின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. 1845 மே மாதம் ‘ப்ளன்டெல் ஹன்டர்’ என்ற கப்பல் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் துறைக்கு வந்து சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் அப்படிப் போனவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)