அன்பு வைக்கச் சொல்லிக் கட்டளை போட முடியுமா?

யூதர்கள் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சொல்லும் 'ஷெமா', உபாகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறது. கடவுள் ஒருவரே என்று அறிவித்துவிட்டு, முழு இருதயத்தோடும் உயிரோடும் வலிமையோடும் அவரிடம் அன்பு செலுத்தும்படி அது ஆணையிடுகிறது. இங்கேதான் சிக்கல். திருடாதே, பொய்ச் சாட்சி சொல்லாதே என்று உத்தரவு போடலாம். அன்பு வை என்று எப்படிப் போடுவது?

இதற்கான ஒரு விடை 1955இல் ஈராக்கின் நிம்ருதில் மண்ணுக்கடியில் கிடைத்தது. அசீரியப் பேரரசன் எசரத்தோன் கி.மு. 672இல் மேதியத் தலைவர்களிடம் வாங்கிய சத்தியங்களைப் பொறித்த களிமண் பலகைகள் அவை. தனக்குப் பின் பட்டமேறவிருந்த மகன் அசூர்பானிபாலை, தங்கள் உயிரைப் போலவே நேசிக்க வேண்டும் என்பது அவன் நிபந்தனைகளுள் ஒன்று. அடக்கி ஆள்பவனின் மகனை நேசிக்கணுமாம்! கேட்டது பாசத்தை அல்ல. வேறு அரசன் பக்கம் சாயாத விசுவாசத்தை.

உபாகமத்தின் அன்பும் இந்த உடன்படிக்கை மொழியைச் சேர்ந்ததே என்று 1963இல் வில்லியம் மோரன் என்ற அறிஞர் எழுதினார். அக்காலத்தில் யூதா நாடு அசீரியாவுக்கு அடங்கிக் கிடந்தது. உபாகமத்தின் மையப் பகுதி அந்த நூற்றாண்டில்தான் உருவானது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அது சரியென்றால், பேரரசன் தனக்குக் கேட்ட சொல்லைப் பறித்துக் கடவுளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணத் துணிச்சல் இல்லை அது.

தலையாய கட்டளை எது என்று கேட்டபோது இயேசு சொன்னதும் இதே ஷெமாவைத்தான். கூடவே, பிறரைத் தன்னைப் போல் நேசி என்பதையும் சேர்த்தார். இதைக் கிறிஸ்தவத்தின் புதுக் கட்டளை என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அது லேவியராகமம் 19இல் ஏற்கெனவே உள்ளது. லூக்கா நற்செய்தியில் இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே, கேள்வி கேட்க வந்த யூதச் சட்ட அறிஞர்தான். மாற்கு நற்செய்தியின் கிரேக்கத்தில் மூன்று சொற்கள் நான்காகின்றன. 'மனம்' புதிதாகச் சேர்கிறது. எபிரேயத்தில் இருதயமே சிந்திக்கும் இடம். கிரேக்கத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

யூத அறிஞர்களோ அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகத் துருவினார்கள். 'வலிமை' என்று பெயர்க்கப்படும் 'மெஓத்' வழக்கமாக 'மிகவும்' என்றே பொருள்படும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா அதைச் செல்வம் என்று விளக்கியது. 'முழு உயிரோடும்' என்பதற்கு அது தந்த பொருள் கடுமையானது: உன் உயிரையே எடுத்தாலும்.

அந்தப் பொருளுக்கு உருவம் கொடுத்தவர் ரபி அகிவா. தோராவைக் கற்பிக்கக்கூடாது என்ற ரோமானியத் தடையை மீறிக் கற்பித்தார். 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியை ஒட்டிக் கொல்லப்பட்டார். தால்முட் அந்தக் காட்சியைச் சொல்கிறது. இரும்புச் சீப்புகளால் அவர் சதையைக் கிழிக்கிறார்கள். அது ஷெமா சொல்லும் நேரம். அவரும் சொல்லத் தொடங்குகிறார். இந்த நிலையிலுமா என்று மாணவர்கள் பதறுகிறார்கள். 'முழு உயிரோடும்' என்பதை என்றைக்கு நிறைவேற்றுவோம் என்றுதான் வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டதாகவும், வாய்ப்பு வந்தபின் விட்டுவிட முடியுமா என்றும் அவர் கேட்கிறார். பிறகு 'ஒருவரே' என்ற சொல்லை நீட்டி உச்சரித்துக்கொண்டே இருக்கிறார், உயிர் பிரியும்வரை.